பொடி மீன் மட்டும்தான் கொத்துகிறதா?



சிம்பாங் பூலாயிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மகன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து லம்பக் குட்டைக்குப் போகிறாராம். பொழுது சாயும் வரை உட்கார்ந்தாலும் விரல் நீளத் திலாப்பியாதான் கிடைக்கிறதாம். "பூனைக்கா பிடித்து வந்தீர்கள்?" என்று வீட்டில் கேலி. அந்தக் குட்டையில் பெரிய மீனே இல்லையா என்று கேட்கிறார்.

அநேகமாக இருக்கிறது, ஐயா. ஆனால் பொடி மீன் ஏன் இத்தனை என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பெரியது எங்கே என்பது புரியும்.

திலாப்பியா நம் நாட்டு மீன் அல்ல. ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் அதன் பிறந்த இடம். 1930-களின் கடைசியில் ஜாவாத் தீவில் அதைக் கண்டுபிடித்து வளர்த்தவர் பெயர் முஜாயிர். இந்தோனேசியாவில் இன்றும் மீனுக்கு அவர் பெயர்தான். ஜப்பான்காரன் ஆட்சியில் அங்கிருந்து மலாயாவுக்கு வந்தது. அதனால்தான் நம் பெரியவர்கள் "ஜப்பான் மீன்" என்றார்கள். 1952-ல் இந்தியாவுக்கும் போயிற்று. தமிழ்நாட்டில் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று பெயர்.

இந்த மீன் மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். தாய்மீன் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். குஞ்சு பொரிந்த பிறகும் ஆபத்து வந்தால் வாயைத் திறக்கும். குஞ்சுகள் உள்ளே ஓடிவிடும். இப்படிக் காப்பாற்றினால் குட்டை என்ன ஆகும்? வீட்டுக்கு வீடு பத்துப் பிள்ளை, அரிசியோ ஒரு படி என்ற கதைதான். தீனி போதாமல் எல்லாம் குட்டையாகவே நின்றுவிடும். நீங்கள் குஞ்சு என்று நினைக்கும் அந்த விரல் நீள மீனே பாட்டியாக இருக்கலாம்!

ஆகவே முதல் வேலை, குட்டையை மாற்றிப் பார்ப்பது. விராலோ தோமானோ உள்ள குட்டைக்குப் போங்கள். அவை பொடியைத் தின்று கூட்டத்தைக் குறைத்துவிடும். மிஞ்சிய திலாப்பியாவுக்கு வயிறு நிறையும். உள்ளங்கையை விட அகலமாக வளரும். விரால் பிடிப்பவர்கள் எந்தக் குட்டையில் உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். அவர்களிடம் கேட்டால் சொல்ல மாட்டார்கள், அது வேறு விஷயம்.

அதே குட்டைதான் என்றால் இடத்தை மாற்றுங்கள். புல் ஓரத்து வெதுவெதுப்பான தண்ணீரில் இருப்பதெல்லாம் பொடிக் கூட்டம். கால்மணி நேரத்தில் ஐந்து பொடி வந்தால் அங்கே ஆறாவதும் பொடிதான், எழுந்து நடங்கள். தண்ணீர் தெளிந்திருந்தால் மணல் தரையில் தாம்பாளம் போல் வட்டக் குழிகள் தெரியும். ஆண் மீன் தோண்டிய கூடு அது. கறுத்த உடம்பும் வெளுத்த தாடையுமாக ஒன்று அதைச் சுற்றிக் காவல் இருக்கும். திலாப்பியாவில் ஆண்தான் பெரிதாக வளரும். அந்தக் குழிகளுக்குச் சற்று அப்பால், மேட்டுத் தரை சட்டென்று சரிகிற விளிம்பில் தூண்டிலை இறக்குங்கள். நடுக்குட்டையின் அடி ஆழத்தில் வேண்டாம். அங்கே மீனுக்கு மூச்சுக் காற்றுப் போதாது. விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும் பெரியவை கரைப் பக்கம் மேய வரும். உச்சி வெயிலில் உட்கார்ந்து காய்வது தலைவலிக்குத்தான்.

இரையைப் பற்றி ஒரு வார்த்தை. மெத்தென்ற ரொட்டியைப் போட்டால் பெரியது வருவதற்குள் பொடிகள் அரித்துத் தின்றுவிடும். கோதுமை மாவையும் தவிட்டையும் கெட்டியாகப் பிசைந்து, கொஞ்சம் பஞ்சு இழை சேர்த்து உருட்டுங்கள், முள்ளில் நிற்கும். முழு மண்புழுவும் நல்லது. குட்டையிலேயே கிடைக்கும் பச்சைப் பாசியை முள்ளில் சுற்றிப் போடுங்கள். பொடிகள் அதை அவ்வளவாகச் சட்டை செய்யாது, பெரியது மேயும். முள்ளை ஓர் அளவு பெரிதாக்குங்கள், ரொம்பவும் பெரிதாக வேண்டாம். திலாப்பியாவுக்கு வாய் சின்னது.

பிடித்த பொடியைப் பாவம் பார்த்துத் திரும்ப விடாதீர்கள். நெரிசலான குட்டைக்கு அது உபகாரம் அல்ல. பனையேறியோ செப்பாட்டோ நம் நாட்டு மீன்கள். அவற்றில் சினையோடு வருவதை விட்டுவிடலாம். திலாப்பியாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இனி அன்பர் கேட்காத ஒன்று. மகன்கள் இருவரும் கூட வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறார், அதனால் சொல்கிறேன். கிந்தாப் பள்ளத்தாக்கின் குட்டைகள் ஏரிகள் அல்ல, ஈயம் தோண்டிய பள்ளங்கள். 1985-ல் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடியபோது அப்படியே விட்டுப் போனவை அநேகம். கரையிலிருந்து இரண்டடி முழங்கால் தண்ணீர், மூன்றாவது அடி ஆளை மூழ்கடிக்கும். மேலே காய்ந்த மண் போலத் தெரியும் சேறு, காலை வைத்தால் இடுப்பு வரை இழுக்கும். நான் மேலே சொன்ன அந்தச் சரிவு விளிம்புதான் பிள்ளைகளை வாங்கிக்கொள்ளும் இடமும். நீளக் கழியால் மேட்டுக் கரையில் நின்றே போடுங்கள். சிக்கிய முள்ளை எடுக்க யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம், நரம்பை அறுத்துவிடுங்கள். முள் சில காசுதான். பிள்ளைகளைத் தனியாக அனுப்பவே வேண்டாம். ஒரு கயிறும் மூடிய காலி எண்ணெய் டின்னும் கூடவே இருக்கட்டும். யாராவது விழுந்தால் பின்னால் குதிக்காமல் அதை வீசுங்கள்.

வீட்டு அம்மாவுக்கு: குட்டை மீனில் சேற்று வாடை வந்தால், உயிரோடு இருக்கும்போதே ஓரிரு நாள் நல்ல தண்ணீரில் விட்டு வையுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் கறுப்புத் தோலை உள் வயிற்றிலிருந்து சுரண்டி, உப்பும் புளியும் தேய்த்துக் கழுவுங்கள். பொடி மீனை மொறுமொறுவென்று வறுத்தால் முள்ளோடு தின்னலாம். பூனைக்கு மிஞ்சாது.