அட்டையில் உள்ள பெயர்

மீஞ்சூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் பெட்டியில்லாத மாத்திரை அட்டையை நீட்டி, “அண்ணே, இது என்ன மாத்திரை?” என்பார்கள். விற்பனைப் பிரதிநிதியின் துண்டறிக்கையை நம்பி நான் பதில் சொல்வதில்லை. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிப் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பேன்.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கலவை, டபென்டடாலையும் காரிசோப்ரொடாலையும் கலந்த மாத்திரை, மும்பையிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனதை 2025 பிப்ரவரியில் பிபிசி அம்பலப்படுத்தியது. அதன் பிறகே மத்திய அரசு ஏற்றுமதி அனுமதியைத் திரும்பப் பெற்றது. டபென்டடால் ஓபியாய்டு வலிநிவாரணி, காரிசோப்ரொடால் அடிமைப்படுத்தக்கூடிய தசைத்தளர்த்தி. சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். காரிசோப்ரொடாலை நிறுத்திவைக்க ஐரோப்பிய மருந்து முகமை 2007இலேயே பரிந்துரைத்துவிட்டது! அந்த எச்சரிக்கை தமிழில் எங்கே? மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இத்தகைய தகவல்களைத் தமிழிலும் இந்தியிலும் கடைதோறும் ஒட்டவைக்க வேண்டும்.