மார்கழி யாருக்கு இனிக்கிறது?

மார்கழி பிறந்தால் போதும், நம் பத்திரிகைகளுக்கு ஞாபகம் வந்துவிடும். பனிமூட்டம், வாசல் நிறையக் கோலம், சாணி உருண்டையில் பரங்கிப்பூ, கோயில் பொங்கல், தாவணி போட்ட எதிர்வீட்டுப் பெண், ஈஸிசேரில் பேப்பர் படிக்கும் அப்பா. எழுதுகிற ஆள் மாறுவார், கோலம் மாறாது. கடைசி வரியில் 'அந்தக் காலம் திரும்ப வருமா' என்று ஒரு பெருமூச்சு.

எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் காலம் திரும்ப வந்தால் நான் எங்கே நிற்பேன்?

எனக்கும் மார்கழி உண்டு அய்யா. நெல்லிக்குப்பம் பக்கத்துச் சேரியில் 1968இல் பிறந்தவன் நான். 1842இலேயே சர்க்கரை ஆலை வந்த ஊர் அது. பனியும் கரும்பு வெட்டும் எங்களுக்குச் சேர்ந்தேதான் வரும். கட்டிங் ஆர்டர் வந்துவிட்டால் கோழி கூவுவதற்கு முன்னாலேயே அப்பாவும் அம்மாவும் கத்தியோடு கிளம்பிவிடுவார்கள். நானும் அக்காவும் கோணிச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடுவோம், சோகை கழிக்க. தோகை கையைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் பனித்தண்ணீர் பட்டால் தீயாய் எரியும். சர்க்கரை விளைகிற ஊரில் எங்கள் வீட்டுக் காப்பிக்கு வெல்லம்கூட எண்ணித்தான் போடுவார்கள்.

உங்கள் கோலத்து நடுவில் பூ வைத்தீர்களே, அந்தச் சாணியை மாட்டுக் கொட்டகையில் அள்ளிக் கொடுத்தது எங்க ஆயா. கோலத்தை மிதித்துவிடாமல் கொல்லைப்பக்கமாக வந்து கொல்லைப்பக்கமாகவே போகும். உங்கள் ஞாபகத்தில் பூ இருக்கிறது, சாணிகூட இருக்கிறது. ஆயாவைத்தான் காணோம்.

'அப்படியானால் சேரியில் சந்தோஷமே இல்லையா? எப்பப் பார்த்தாலும் கசப்புதானா?' என்று ஒரு இலக்கிய நண்பர் கேட்டார். இருந்தது அய்யா. ராத்திரியில் சோகையைக் குவித்துக் கொளுத்திவிட்டுச் சுற்றி உட்காருவோம். அப்பா அதில் மல்லாட்டை சுட்டுப் போடுவார். ஆயா கதை சொல்லும். அந்தச் சூட்டை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கதை நடுவில் சில நாள் ஆயாவின் குரல் தாழ்ந்துவிடும். நான் பிறந்த வருஷம், டிசம்பர் 25, அதுவும் மார்கழி ராத்திரிதான். கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட சனங்களில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பொம்பளைகளும் பிள்ளைகளும்தான் அதில் அதிகம். மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. குளிருக்கு மூட்டிய தீயைப் பார்த்தாலே எங்க ஆயாவுக்கு அந்தத் தீயும் தெரியும். ரெண்டையும் பிரித்து, இனிப்பை மட்டும் உங்களுக்கு எழுதித் தர எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, முதல் காதல். அதுவும் இருந்தது. 1983இல் பத்தாவது படித்தேன். கூடப் படித்த ஊர்த்தெருப் பெண் ஒருத்தி, பேர் வேண்டாம். நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தன் தம்பியின் பழைய ஸ்வெட்டரை ஒருநாள் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவுதான் எங்கள் காதல். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"ஏதுடா இது?" என்றது அம்மா. சொன்னேன். கழற்றி அடுப்பில் வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தது. "ஆம்பளப் புள்ள நீ ஒருத்தன்தான்டா எனக்கு. ஒன்ன ஏரியில கெடந்து தேடச் சொல்றியா?" அடித்துக்கொண்டே அழுதது. அன்றைக்கு ராத்திரியே அப்பா என்னை நெய்வேலியில் சித்தப்பாவிடம் கொண்டுபோய் விட்டார். பத்தாவது பரீட்சை நான் எழுதவில்லை.

நெய்வேலியில் 1956இல் கம்பெனி வந்தது. 1962இலிருந்து பழுப்பு நிலக்கரியில் கரண்ட் எடுக்கிறார்கள். டவுன்ஷிப்பில் வட்டம் வட்டமாக வீடு, வரிசையாக மரம், ராத்திரியெல்லாம் தெருவிளக்கு. கட்டட வேலையில் கையாளாக இருந்த சித்தப்பாவின் குடிசையில் சிம்னி விளக்கு. அங்கே வளர்ந்தவர்களும் இப்போது பனிக்கால ஞாபகம் எழுதுகிறார்கள். பொய் என்று சொல்லவில்லை. சுரங்கத்துக்காகக் காலியான கிராமங்களில் நிலம் இருந்தவனுக்கு நஷ்டஈடு என்ற சொல்லாவது இருந்தது. அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவளின் ஞாபகத்துக்கு எந்த ஆபீசில் பட்டா கொடுத்தார்கள்?

அம்மா அடித்ததை இருபது வருஷம் நான் மன்னிக்கவில்லை. என் படிப்பைக் கெடுத்தவள் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு 2003 வந்தது. எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே, விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன், கெமிக்கல் என்ஜினியரிங் படித்த தலித் பையன். கண்ணகி, அதே ஊர் வன்னியர் பெண். மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8ஆம் தேதி இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். 18 வருஷம்! தண்டனை பெற்ற 13 பேரில் போலீஸ்காரர்களும் உண்டு. மேல்முறையீடு எல்லாம் முடிந்து உச்ச நீதிமன்றம் உறுதி செய்ய 2025 ஏப்ரல் ஆனது.

பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. அதுவும் கேட்கவில்லை.

ஆனால் இதைத் தியாகம், தாய்ப்பாசம் என்று யாராவது கொண்டாட வந்தால் விடமாட்டேன். பெற்ற பிள்ளையை உயிரோடு வைத்துக்கொள்ள அவன் படிப்பை அறுத்துப்போடும்படி ஒரு தாயை ஆக்கியது எது? ஊர்த்தெரு அடிக்கவேண்டிய அடியை எங்க அம்மா கையால் அடிக்கவைத்தது எது? சாதி. எங்கள் குடும்ப வாழ்க்கைக்குள் அது விருந்தாளியாக வரவில்லை, அடுப்படியிலேயே குடியிருந்தது.

எழுதுங்கள் அய்யா, உங்கள் மார்கழியை எழுதுங்கள். உங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நீங்கள் ஸ்வெட்டர் கொடுத்திருந்தால் யார் உங்களை ராத்திரியோடு ராத்திரியாக ஊர்கடத்தியிருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எழுதுங்கள். தோழர்களே, நீங்களும் எழுதுங்கள். சோகைத் தீயையும் மல்லாட்டையையும் வாங்கிய அடியையும் சேர்த்தே எழுதுங்கள். அந்தக் காலம் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள நமக்கு அது வேண்டும்.