எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு

புதிதாக மோட்டார் வண்டி வாங்கும் குடும்பங்களில் நடைபெறும் வைபவத்தை நேயர்கள் அறிவார்கள். நல்ல நாள் பார்த்து, ராகு காலம் தவிர்த்து, பிள்ளையார் கோவில் வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். மாலையும் சந்தனமும் சாத்தியான பின்பு, நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழங்களை வைத்து நசுக்கிவிட்டு வீடு திரும்புகிறார்கள். இதில் நமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. ஆனால், அதே வண்டியின் முன்புறப் பெட்டிக்குள் கனத்த புத்தகம் ஒன்று, கம்பெனியார் போட்டுக் கொடுத்த உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடக்கிறதே, அதற்கு என்றைக்கு நல்ல நாள் வரும்? ஆறு வருஷம் கழித்து வண்டியை விற்கும்போது, "புத்தகம் புத்தம் புதிதாக இருக்கிறது, பாருங்கள்!" என்று வாங்குகிறவரிடம் பெருமையுடன் காட்டலாம். அதைத் தவிர அதனால் வேறு பயன் ஏற்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இந்த விஷயம் நம் மனத்தில் ஆழமாகத் தைத்தது ஒரு சித்திரை மாதத்தில். நமது நண்பர் ஒருவர் சென்னையிலிருந்து காஞ்சீபுரத்துக்குக் குடும்பத்துடன் பிரயாணமானார். வண்டியில் அவரும், அவருடைய மனைவியாரும், நான்கு வயதுப் பேரனும் இருந்தார்கள். கோவில் தெருவில் வண்டியை நிறுத்தினார். குழந்தை வெயிலில் வாட வேண்டாமென்று என்ஜினையும் குளிர்சாதனத்தையும் ஓடவிட்டு, கைப்பிரேக்கை மட்டும் இழுத்துவைத்துவிட்டு, அர்ச்சனைத் தட்டு வாங்கி வரச் சென்றார். பூக்காரி ஒருத்தி கடந்து போவதைக் கண்ட பாட்டியார், அவளைக் கூப்பிடுவதற்காகக் கீழே இறங்கிக் கதவைச் சாத்தினார். பேரன் உடனே முன் ஆசனத்துக்குத் தாவினான். டிரைவர் பக்கத்துக் கதவில் பூட்டுப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினான். 'டக்' என்று நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே, பாட்டி வெளியே.

அடுத்தபடியாக அவன் கை வைத்தது கைப்பிரேக்கின் மேல். தெரு சமதளமாக இருந்ததும், பிரேக்கின் நுனியிலுள்ள பொத்தானை அழுத்துவதற்கு அந்தப் பிஞ்சு விரலுக்குப் பலம் போதாதிருந்ததும் கடவுள் செயல் என்றே சொல்லவேண்டும். பாட்டியார் கண்ணாடியைத் தட்டத் தட்ட, இது ஏதோ புது விளையாட்டு என்று அவன் சிரித்தான். மாற்றுச் சாவியோ சென்னையில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது! கடைசியில் ஆட்டோ ரிக்‌ஷாக்காரர் ஒருவர், குழந்தைக்கு எட்டாத பின்பக்க ஜன்னலைத் துணி சுற்றிய கல்லினால் உடைத்துக் கையை விட்டுக் கதவைத் திறந்தார். எல்லாம் 15 நிமிஷந்தான். "அந்தப் பதினைந்து நிமிஷத்தில் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது" என்றார் பாட்டியார், பிற்பாடு நம்மிடம். "ஆறு மாதமாக அந்த வண்டியில் ஏறி இறங்குகிறேன். எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை."

அவர் சொன்னதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வண்டி ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரோ இருவரோ. ஏறி உட்காருகிறவர்கள் எல்லோரும். ஓட்டுகிறவருக்காவது பரீட்சை உண்டு, லைசென்ஸ் உண்டு. மற்றவர்கள் கைக்கெட்டியதை எல்லாம் திருகிப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

ஓட்டும் கருவிகள் விஷயத்தில் உலகம் ஒருவாறு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஆதியில் அப்படி இல்லை. 1908 முதல் 1927 வரையில் ஹென்றி போர்டு ஒன்றரைக் கோடி வரையில் செய்து விற்ற 'மாடல் டி' வண்டியில் காலடியில் மூன்று மிதிகள் இருந்தன. இடது மிதி கியர் மாற்றுவதற்கு. நடு மிதி வண்டியைப் பின்னுக்குச் செலுத்துவதற்கு. வலது மிதி பிரேக். வேகத்தைக் கூட்டக் காலில் ஒன்றும் கிடையாது. ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே கையால் தள்ளும் சிறு நெம்புகோல் ஒன்றுதான். நம் காலத்து டிரைவர் அதில் ஏறி, வேகம் கூட்டுவதாக நினைத்து வலது மிதியை மிதித்தால் வண்டி நின்றுபோகும்! இன்று கிளச் இடது, பிரேக் நடு, ஆக்ஸிலரேட்டர் வலது என்பது எங்கும் ஒன்றே. ஆனால் சௌகரியத்துக்காக ஏற்பட்ட குமிழ்களும் பொத்தான்களும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகின்றன. திரும்பும் விளக்கின் கைப்பிடிகூடச் சில வண்டிகளில் சக்கரத்துக்கு வலப்புறம், சிலவற்றில் இடப்புறம். வண்டி மாற்றியவர்கள், வெயில் கொளுத்தும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தெருமுனையில் திரும்புவதை நேயர்கள் பார்த்திருக்கலாம்.

இப்போது எல்லாவற்றையும் ஒரு கண்ணாடித் திரைக்குள் அடக்கிவிடுகிறார்கள். குமிழானால் கை தடவிக் கண்டுகொள்ளும். திரையைக் கண்ணால் பார்த்துத்தான் தொடவேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடுகிறது. குளிரைக் குறைக்க மூன்று விநாடி திரையைப் பார்த்தவர் 66 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவரே. ஐரோப்பாவில் புது வண்டிகளைச் சோதித்து நட்சத்திரங்கள் வழங்கும் 'யூரோ என்காப்' என்னும் ஸ்தாபனத்தார் இதைக் கவனித்து, திரும்பும் விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், துடைப்பான் முதலியவற்றுக்குத் தனிக் கருவிகள் இல்லாத வண்டிக்கு 2026 முதல் முழு மதிப்புத் தருவதில்லை என்று தீர்மானித்தார்கள். நல்ல காரியம்.

வண்டி கிளம்புமுன் செய்யவேண்டியது என்ன? முதலில் ஆசனம். பிரேக்கை முழுதும் அமுக்கும்போதும் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். மார்புக்கும் சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இடைவெளி அவசியம். ஏனெனில் அந்த நடுப்பகுதிக்குள்தான் காற்றுப் பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆசனத்தின் தலைப்பில் நிற்கும் மெத்தையைத் தூங்குவதற்கான தலையணை என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தலைக்கு ஓர் அணை. பின்னாலிருந்து மற்றொரு வண்டி மோதும்போது தலை பின்னுக்குச் சாய்ந்து கழுத்து முறியாமல் தடுப்பது அது. அதன் மேல் விளிம்பு உச்சந்தலைக்குச் சரியாக, குறைந்தபட்சம் காது மட்டத்துக்காவது இருக்கவேண்டும். பிறகு கண்ணாடிகளைச் சரிசெய்ய வேண்டும். இவை யாவும் வண்டி நிற்கும்போதே முடியவேண்டியவை. ஓடும் வண்டியில் ஆசனத்தின் பிடியைத் தளர்த்தினால், மனிதர் பின்னுக்குச் சறுக்குவார். கால் பிரேக்கை விட்டு நழுவும்.

பெல்ட்டைப் பற்றிச் சொல்லும்போது நமக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டை, 1959-ம் வருஷம் ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்னும் என்ஜினீயர் அமைத்தார். இவ்வளவு பயனுள்ள சாதனத்தைத் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், மற்றக் கம்பெனிகளும் உபயோகிக்கலாமென்று வால்வோக்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள். நம் தேசத்திலோ, பெல்ட் போடாவிட்டால் வண்டி 'கீங், கீங்' என்று கத்துகிறதே, அந்தக் கத்தலை அடக்குவதற்கென்றே ஓர் உலோக நாக்கைச் செய்து விற்றார்கள்! கொக்கியில் அதைச் சொருகிவிட்டால், பெல்ட் போட்டிருப்பதாக வண்டி ஏமாந்துபோகும். 2023-ம் வருஷத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, இணையக் கடைகள் இவற்றை விற்கக்கூடாதென்று உத்தரவு போடவேண்டியதாயிற்று. ஏமாறுவது வண்டி மட்டுமா?

பின் ஆசனத்தில் இருப்பவர்களுக்குப் பெல்ட் வேண்டாம் என்பது மற்றொரு தப்பபிப்பிராயம். 2022 செப்டம்பர் 4-ந் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி காலமானார். வண்டியில் இருந்தவர்கள் நால்வர். முன்னால் இருந்த இருவரும் காயங்களுடன் பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் மாண்டார்கள். பின் ஆசனத்தில் பெல்ட் போடவில்லை என்று போலீஸார் தெரிவித்தார்கள். கர்ப்பிணிகளும் பெல்ட் அணியவேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்லாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். சிறு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் அமருவது பெரும் அபாயம். காற்றுப் பை, கண் இமைக்கும் நேரத்துக்குள், பெரியவர்களின் உடம்பைத் தாங்குவதற்கான பலத்துடன் விரிகிறது. மடியில் இருக்கும் குழந்தை அதை எப்படித் தாங்கும்?

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது, யாரும் கோபிக்கக்கூடாது. வண்டியின் முன்பலகையில் பிள்ளையாரைப் பிரதிஷ்டை செய்வது நம்மவர் வழக்கம். இடது பக்கத்தில் காற்றுப் பை மறைந்திருக்கும் மூடியின் மேல் கல்லாலோ உலோகத்தாலோ ஆன விக்கிரகத்தை ஒட்டிவைத்தால், பை வெடித்து விரியும்போது அது முகத்தை நோக்கிப் பாயும். விக்னேசுவரரை அந்த மூடியை விட்டுச் சற்றே தள்ளி எழுந்தருளப் பண்ணுவதில் அவருக்கு மனவருத்தம் இராது.

இனிக் குளிர்சாதனம். குடும்பங்கள் அதிகமாக விரும்புவதும், குறைவாக அறிந்திருப்பதும் இதைத்தான். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியவுடன் ஜன்னல்களைச் சாத்திக் குளிரை முழுமூச்சில் வைக்கிறார்கள். முதலில் இரண்டொரு நிமிஷம் ஜன்னல்களைத் திறந்து, உள்ளேயிருக்கும் அனற்காற்றை வெளியேற்றுவதே சீக்கிரம் குளிருவதற்கு வழி. பிறகு, வண்டியின் படத்துக்குள் அம்பு வளைந்து திரும்புவதுபோல் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும்; குளிர் விரைவில் ஏறும். ஆனால் ஐந்து பேர் விட்ட மூச்சே திரும்பத் திரும்ப வருவதால் கரியமில வாயு பெருகி, ஓட்டுகிறவருக்கு அசதியும் தூக்கமும் வரலாம். திருச்சிக்குப் போகிறவர்கள் சென்னையில் அழுத்திய அந்தப் பொத்தானை அப்படியே விட்டுவிடாமல், அவ்வப்போது வெளிக்காற்றுக்கு வழிவிட வேண்டும்.

மழைக் காலத்தில் முன்கண்ணாடியில் பனி படிந்தால் துணியால் துடைப்பது வீண் வேலை. நம் மூச்சிலுள்ள ஈரந்தான் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் படிகிறது. குளிர்சாதனத்தைப் போட்டு, வெளிக்காற்றை உள்ளே விட்டு, காற்றைக் கண்ணாடியின் மீது திருப்பினால் நொடியில் தெளியும். ஏனெனில் குளிர்சாதனம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இதற்கு நேர்மாறாக வெளிப்புறத்தில் பனி படிவதும் உண்டு. அது கண்ணாடி அதிகமாகக் குளிர்ந்ததன் விளைவு. துடைப்பானை ஓட்டிக் குளிர்காற்றை வேறு பக்கம் திருப்பினால் போதும். விரலால் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் எது எந்தப் பனி என்று தெரிந்துவிடும்.

நிற்கும் வண்டியில் ஜன்னல்களை மூடி, என்ஜினை ஓடவிட்டு, குளிர்சாதனத்தில் தூங்குவதைப் பற்றி என்ன சொல்ல? பெட்ரோலோ டீஸலோ எரியும் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராண வாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். புகைக் குழாயில் ஓட்டை இருந்தாலோ, சுவர் சூழ்ந்த ஷெட்டில் வண்டி நின்றாலோ, அந்த வாயு உள்ளே புகுந்து, தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். அதற்காக என்ஜினை நிறுத்திவிட்டுக் குழந்தையை உள்ளே விட்டுப் போகலாமா? கூடவே கூடாது. 2005-ல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரி 22 டிகிரி ஸென்டிகிரேட் உஷ்ணம் ஏறியது. அதில் 80 சத விகிதம் முதல் அரைமணியிலேயே ஏறிவிட்டது. ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தது அநேகமாக ஒரு பயனும் தரவில்லை. அமெரிக்க வெயிலுக்கே இப்படி என்றால் வேலூர் வெயிலுக்குக் கேட்க வேண்டியதில்லை.

சிறு சாமான்களும் கவனத்துக்குரியவை. டிரைவர் காலடியில் உருளும் தண்ணீர் பாட்டில் பிரேக்கின் அடியில் சிக்கினால் பிரேக் இறங்காது. 2009-ல் அமெரிக்காவில் ஸான் டியாகோ அருகே, வேறு மாடலுக்கான கால் விரிப்பு ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டதால் ஒரே குடும்பத்தினர் நால்வர் இறந்தனர். ஆகவே ஒரு விரிப்பின் மேல் இன்னொரு விரிப்பைப் போடுவதும் ஆகாது. மழையில் ஓடிக்கொண்டே நான்கு விளக்குகளையும் மினுக்குகிறார்கள். பிறகு அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று பின்னால் வருகிறவர் ஜோசியந்தான் பார்க்கவேண்டும்.

நமது நண்பரின் வண்டிக்குப் புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது. புத்தகத்தின் உறையும் பிரிக்கப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசலில் நின்ற வண்டியில் குடும்பம் முழுவதும் ஏறி அமர்ந்து பாடம் கற்றுக்கொண்டதை நாமே பார்த்தோம். பின்கதவின் விளிம்பில் உள்ள சிறு நெம்பைத் தள்ளினால் குழந்தை உள்ளிருந்து திறக்க முடியாது என்பதையும், டிரைவர் பக்கத்திலுள்ள ஒரு பொத்தானால் மற்ற ஜன்னல்களின் விசைகள் அடங்கிவிடும் என்பதையும் நண்பரே அன்றுதான் அறிந்தார். பாட்டியார் கண்களை மூடிக்கொண்டு பூட்டு, ஹாரன், அபாய விளக்கு மூன்றையும் கையால் தடவியே காட்டினார். பேரனுக்குத்தான் ஏமாற்றம், அவனுக்குப் பின் ஆசனத்தில் தனி நாற்காலியும் பெல்ட்டும் வந்துவிட்டன. மாற்றுச் சாவி இப்போது பீரோவில் இல்லை. அது பாட்டியாரின் முந்தானை முடிச்சில் இருக்கிறது. நண்பர் தம் சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடும் நாட்களில், அந்த முடிச்சு அவிழ்வதற்குக் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருக்கிறதாம்.