பொடியன்மாரைக் குறை சொல்வதற்கு முதல்...



சுபஹ் தொழுதுவிட்டு ஃபோனில் என்பிஏ மெட்ச் பார்க்கும் நம்மட ஊர்க் கூட்டத்துக்குத்தான் இந்தப் பதிவு. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் பற்றிக் கதை வந்தாலே ஒரே பல்லவி. "இந்தக் காலத்துப் பொடியனுகளுக்கு டிஃபென்ஸ் ஆட ரோஷமில்ல. 2004இல கப் எடுத்த பென் வொலஸ்ட டீமா இது?" கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

2023-24 சீசனில் முதல் 3 போட்டிகளில் 2 வெற்றி. அதற்குப் பிறகு தொடர்ந்து 28 தோல்வி. 82 போட்டிகள் முடியும்போது 14 வெற்றிதான். இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் 27ஆவது தோல்வியில் கேட் கனிங்ஹாம் 41 புள்ளி எடுத்ததையும், 28ஆவதில் பொஸ்டனை அதன் சொந்த மைதானத்திலேயே மேலதிக நேரம் வரை இழுத்ததையும் சொல்ல மாட்டார்கள். ரோஷமில்லாதவன் இப்படியா ஆடுவான்?

டிஃபென்ஸ் என்பது முதலில் ஒரு உடன்படிக்கை. எதிரணி ஸ்கிரீன் போடுகிறது, நமது கார்ட் அதில் மாட்டிக்கொள்கிறான். உயரமானவன் முன்னுக்கு வருவதா, வளையத்தடியில் நிற்பதா? முன்னுக்கு வந்தால் பின்னால் ஓடுபவனை யார் பிடிப்பது? பிடிக்கப் போனவன் விட்டுவந்த மூலையை யார் மூடுவது? ஒன்றிரண்டு செக்கனில் ஐந்து பேரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும். அது வீரத்தால் வருவதில்லை. அதே ஐந்து பேர் நாள்கணக்கில் சேர்ந்து நின்று ஆடினால்தான் வரும்.

கோச் மொன்டி வில்லியம்ஸ் என்ன செய்தார்? ஜேடன் ஐவியை வெளியில் இருத்திவிட்டு கிலியன் ஹேய்ஸை இறக்கினார். அந்த ஹேய்ஸை பெப்ரவரியில் அணியே கைவிட்டது. பொடியன்மாருக்குள் தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரனான அவ்ஸார் தொம்சனையும் இடையில் பெஞ்சுக்கு அனுப்பினார். முதல் ஐவரையும் ஒன்றாக வெளியில் எடுத்து, பெஞ்சிலிருந்த ஐவரை ஒன்றாக இறக்கும் பழக்கம் வேறு. பக்கத்தில் யார் நிற்பான் என்றே தெரியாதவன் யாரை நம்பிப் பந்தை நோக்கிப் பாய்வான்?

ஒரு பிள்ளை கணக்கில் பிழைவிட்டால் பிள்ளையைப் பார்க்கலாம். முப்பத்தைந்து பேரும் ஒரே இடத்தில் பிழைவிட்டால் கரும்பலகைக்கு முன்னால் நின்றவரைத்தான் கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு இது கசக்கும்.

மொன்டி தெரியாதவர் அல்ல. 2021இல் பீனிக்ஸை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனவர். அடுத்த சீசனில் 64 வெற்றி, சிறந்த கோச் விருது. ஆனால் அங்கே மைதானத்துக்குள்ளேயே எல்லோரையும் அதட்டி ஒழுங்குபடுத்த கிறிஸ் போல் இருந்தார். டெட்ராய்டில் அந்த வேலையையும் கோச்சே செய்திருக்க வேண்டும். அதற்குத்தானே 6 வருடத்துக்கு 78.5 மில்லியன் டொலர் பேசிக் கொண்டுவந்தார்கள்! ஒரே வருடத்தில் அனுப்பியும் விட்டார்கள்.

பிறகு ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். 2024-25இல் 44 வெற்றி, 2019க்குப் பிறகு முதல் பிளேஓஃப். டிஃபென்ஸில் கடைசி வரிசையில் கிடந்த அணி லீக்கின் முதல் பாதிக்குள் வந்தது.

"புது ஆக்களை எடுத்தாங்கதானே" என்பீர்கள். உண்மைதான், டொபயஸ் ஹரிஸ் பெரிய உதவி. ஆனால் பீஸ்லியும் ஹார்டவேயும் மூன்று புள்ளி எறிய வந்தவர்கள். அவர்களைத் தடுப்பாட்டக்காரர் என்று யாருமே சொன்னதில்லை. கேட், டூரன், ஸ்டுவர்ட், அவ்ஸார் எல்லாம் அதே பழைய பொடியன்மார். ஒரே கோடை விடுமுறைக்குள் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது அந்த ரோஷம்?