பாஷாணமும் கணிப்பொறியும்

சர்க்கரை வியாதிக்காரர் விழுங்கும் மாத்திரை புற்றுநோயைப் போக்குமாம். நாய்க்குக் கொடுக்கிற பூச்சி மருந்து கட்டியைக் கரைக்குமாம். கணிப்பொறியே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டதாம்! கீழக்குயில்குடித் தேநீர்க் கடையில் தொடங்கி மதுரை நகரத்து ஆலை வாயில்வரை இந்தப் பேச்சு உலவுகிறது. கைப்பேசியில் வந்த படத்தைக் காட்டி, "இது மெய்தானா, தோழர்?" என்று நம்மையே கேட்கிறார்கள். கேட்பவர் வீட்டில் ஒரு தாயோ தங்கையோ படுக்கையில் கிடக்கக்கூடும். கேலி பேசித் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பேச்சில் பாதி மெய். அந்தப் பாதியை முதலில் பார்ப்போம்.

பாஷாணம் என்றால் நம் ஊரில் சாவு என்றே பொருள். அந்த வெள்ளைப் பாஷாணத்தைத்தான் - ஆர்சனிக் டிரையாக்சைடு என்று விஞ்ஞானிகள் பெயர் சொல்லும் அதே நஞ்சைத்தான் - இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக்கினார்கள். 1970-களின் தொடக்கத்தில் சீன நாட்டின் ஹார்பின் நகரத்து டாக்டர் ஜாங் டிங்டாங்கும் அவருடைய தோழர்களும் நாட்டு வைத்தியத்தில் வழங்கிய ஒரு மருந்தை எடுத்து ஆராய்ந்து, அதில் வேலை செய்வது பாஷாணமே என்று கண்டார்கள். அக்யூட் புரோமைலோசைடிக் லுகேமியா என்பது அந்த நோயின் பெயர். இரத்தம் உறையாமல் கசிந்து சில நாட்களுக்குள் ஆளைக் கொண்டுபோகும் கொடிய நோய். இரண்டு மரபணுத் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் உடம்பில் ஒரு கோணல் புரதம் உண்டாகிறது; பாஷாணம் அதைப் பிடித்து உடைக்கிறது.

சீனத்துக் கதையோடு நின்றுவிடவில்லை. இங்கே, நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் மேமன் சாண்டி, டாக்டர் விக்ரம் மேத்யூஸ் ஆகியோரின் குழு 1998-ல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது. மேல்நாட்டு முறைப்படி வைத்தியம் செய்துகொள்ள வசதியில்லாத நோயாளிகள் அவர்களிடம் வந்துகொண்டிருந்தார்கள். பணம் இல்லை என்று திருப்பி அனுப்புவதா? மருத்துவமனையின் மருந்தகத்திலேயே ஊசி மருந்தைத் தயாரித்தார்கள். 2004 வரை 72 பேருக்குப் பாஷாண மருந்து ஒன்றை மட்டுமே கொடுத்தார்கள். 62 பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. 2006-லும் 2010-லும் உலக மருத்துவ ஏடுகளில் கணக்கை வெளியிட்டார்கள்: 5 ஆண்டுக் கணக்கில் 100-க்கு 74 பேர் உயிரோடு! ஏழை நோயாளிக்காக எடுத்த முயற்சி உலகத்துக்கே பாடமாயிற்று. 2013-ல் இத்தாலி, ஜெர்மனி டாக்டர்கள் வைட்டமின் ஏ வகை மருந்து ஒன்றோடு பாஷாணத்தைச் சேர்த்துக் கொடுத்து நல்ல பலன் காட்டினார்கள். பிறகு அதுவே பல நாடுகளில் முதல் சிகிச்சையாகிவிட்டது.

(இதைப் படித்துவிட்டு எவரும் நாட்டு மருந்துக் கடையைத் தேடிப் போகவேண்டாம். அளவு ஒரு மயிரிழை தவறினால் அது மருந்தாக இராது; இதயத் துடிப்பை ஓயாமல் கவனித்தபடியே டாக்டர்கள் கொடுக்கிறார்கள்.)

ஒரு பழைய பொருளுக்குப் புதிய வேலை இப்படிக் கிடைத்தது. கிடைக்க எத்தனை ஆண்டு? எத்தனை தற்செயல்? இந்தத் தேடலைச் சுருக்கத்தான் கணிப்பொறி வந்திருக்கிறது.

ஆலையில் வேலை செய்கிற தோழருக்கு இது எளிதில் விளங்கும். எந்திரத்தில் ஒரு பாகம் தறிகெட்டு ஓடுகிறது. புதுப் பாகத்துக்கு எழுதிப்போட்டால் வந்துசேர ஆண்டுக்கணக்கில் ஆகும். கெட்டிக்கார ஃபிட்டர் என்ன செய்வார்? ஸ்டோர் அறைக்குள் போய், வேறு எந்திரங்களுக்காக வாங்கிப் போட்ட பழைய சாமான்களில் இதற்குப் பொருந்துவது ஏதாவது உண்டா என்று பார்ப்பார். கணிப்பொறி செய்வதும் அதுவே. புற்றணுவைத் தறிகெட்டு ஓடச்செய்யும் புரதத்தின் வரைபடம் ஒரு பக்கம். ஏற்கனவே கடைகளில் விற்கும் ஆயிரக்கணக்கான மருந்துகளின் வரைபடம் மறுபக்கம். எந்த மருந்து எந்தப் புரதத்தின் பள்ளத்தில் போய் உட்காரும், எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் கணக்கிட்டுப் பட்டியல் தருகிறது. மனிதன் ஆயுள் முழுவதும் செய்தாலும் தீராத கணக்கு, சில நாட்களில் முடிந்துவிடுகிறது.

இதில் தமிழ்நாட்டுக்குப் பழைய உரிமை உண்டு. புரதம் எப்படி எப்படி வளையலாம், எப்படி வளைய முடியாது என்பதற்கு இலக்கணம் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக் கழகத்தின் கிண்டி ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய துணைவர்கள் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும். ஆண்டு 1963. இன்று உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வரைபடம் வெளியானாலும், அந்த இராமச்சந்திரன் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். 2022-க்குள் கணிப்பொறி 20 கோடிப் புரதங்களின் வடிவத்தை ஊகித்து வெளியிட்டது. அந்த வேலைக்கு 2024-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால், தோழர்களே, படத்தில் பொருந்திய பாகம் ஓட்டத்திலும் பொருந்தும் என்று எந்த ஃபிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? எந்திரத்தை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேசுவார். மனித உடம்போ எந்த எந்திரத்தையும்விடச் சிக்கலானது. ஈரல் மருந்தைச் சிதைக்கும். சிறுநீரகம் வெளியே தள்ளும். புற்றணுவும் வேறு வழி தேடிக்கொள்ளும். அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிலையம் 2020-ல் 4,518 மருந்துகளை 578 வகைப் புற்றணுக்களின் மேல் போட்டுப் பார்த்தது. புற்றுநோய்க்கு என்று செய்யப்படாத மருந்துகளில் ஏறத்தாழ 50 புதிதாகத் தேறின. குடியை மறக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையும் புற்றணுவைக் கொன்றது. கொன்றது எங்கே? கண்ணாடித் தட்டில். தட்டில் சாகும் அணுவெல்லாம் உடம்பிலும் சாகும் என்பதற்கு உறுதி இல்லை.

சர்க்கரை மாத்திரையின் கதையைக் கேளுங்கள். மெட்ஃபார்மின் தின்றவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருவதுபோல் தெரிந்தது. ஆய்வுக்கூடத்திலும் நம்பிக்கை பிறந்தது. 2010-ல் தொடங்கி கனடா, அமெரிக்கா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 3,649 பெண்களில் ஒரு பாதிக்கு மெட்ஃபார்மினும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 2022-ல் கணக்கை முடித்தபோது இரு பிரிவுக்கும் இடையே பயன் தரும் வேற்றுமை எதுவும் இல்லை! பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்கு விடை, "உதவாது" என்பது. அந்த விடையும் விஞ்ஞானத்தின் வெற்றியே. கைப்பேசிப் படத்தை அனுப்புகிறவர் இதைச் சொல்லமாட்டார். நாய்ப் பூச்சி மருந்தைத் தின்று ஈரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் வந்த குறிப்பையும் சொல்லமாட்டார்.

தேறிய கதையும் இல்லாமல் இல்லை. கொரோனா பரவிய 2020 பிப்ரவரியிலேயே இலண்டன் கம்பெனி ஒன்றின் கணிப்பொறி, மூட்டுவாதத்துக்கு விற்கும் பாரிசிட்டினிப் மாத்திரையைச் சுட்டிக்காட்டியது. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2022-ல் விடை வந்தது: சாவு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்தது. கணிப்பொறி கை காட்டியது மெய். முடிவு சொன்னது மருத்துவமனைக் கட்டில்.

இனி நம் ஊருக்கு வருவோம். கீழக்குயில்குடிச் சமணர் மலையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தங்கியிருந்த துறவிகளின் சமயம், உணவு, கல்வி, அடைக்கலம் இவற்றோடு மருந்தையும் கொடைகளில் ஒன்றாக வைத்தது. அந்த மலைக்குப் பக்கத்திலேயே, நாகமலையடியில், 1966-ல் பிறந்த மதுரைப் பல்கலைக் கழகம் - இன்றைய காமராசர் பல்கலைக் கழகம் - இருக்கிறது. உயிரியலையும் கணிப்பொறியையும் இணைக்கும் மையம் 1980-களிலேயே அங்கே வந்துவிட்டது. நாட்டில் இத்துறையில் முதலில் காலடி வைத்த சில இடங்களில் அது ஒன்று. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்து, பழைய மருந்தைப் புற்றுப் புரதத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆராய்ச்சி செய்ய முடிகிறது. பெருமைதான். ஆனால் இப்படிப்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவை, நம் நாடு முழுவதுமே, "இம்மருந்து நம்பிக்கை அளிக்கிறது, மேலும் ஆராயவேண்டும்" என்ற வரியோடு நின்றுவிடுகின்றன. மேலும் ஆராய்வது யார்? மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார். பட்டியல் அலமாரியில் தூங்குகிறது. 2024-ல் அந்தப் பல்கலைக் கழகத்து ஆசிரியரும் ஊழியரும் மாதச் சம்பளத்துக்காகவே போராடவேண்டி இருந்தது. சம்பளத்துக்கே தவிக்கிற இடத்தில் பரிசோதனைக்குப் பணம் எங்கிருந்து வரும்?

மருந்துக் கம்பெனி தராதா என்பர் சிலர். தராது, அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய மருந்துக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஒரு கம்பெனி கோடி கோடியாகச் செலவழித்துப் புதிய பயனை நிரூபித்தால், மறுநாளே பத்துக் கம்பெனிகள் அதே மாத்திரையை அற்ப விலைக்கு விற்கும். நம் நாட்டின் 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமோ, தெரிந்த பொருளுக்குப் புதுப் பயன் கண்டுபிடித்தேன் என்று வந்தால் உரிமை தர முடியாது என்று மூன்றாம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. நல்ல சட்டம்! இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு உரிமை கேட்டு வந்த நோவார்ட்டிஸ் கம்பெனியைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் திருப்பி அனுப்பியதும், 2013 ஏப்ரல் 1-ந்தேதி உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும், 2005-ல் மேலும் இறுக்கப்பட்ட அந்தப் பிரிவின் பலத்தால்தான். மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் விலை வைத்த மருந்தை, நம் நாட்டுக் கம்பெனிகள் சில ஆயிரத்துக்குத் தந்தன. இந்தச் சட்டத்தில் கைவைக்க எவரையும் அனுமதிக்கக் கூடாது.

சட்டத்தைக் காத்தால் மட்டும் போதாதே! ஏழைக்கு ஏற்ற மலிவு மருந்தில் வியாபாரிக்கு இலாபம் இல்லை. இலாபம் இல்லாத சோதனையை அவன் செய்யமாட்டான். பொதுப் பணம்தான் செய்யவேண்டும்.

செய்ய முடியுமா என்று ஐயப்படுகிறவர்கள் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையைப் பார்க்கட்டும். மத்திய சர்க்காரின் அணுசக்தித் துறைக்குக் கீழே இருக்கும் மருத்துவமனை அது. பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் லிடோகெயின் ஊசியை, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குச் சில நிமிடங்களுக்கு முன் கட்டியைச் சுற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் இராஜேந்திர பட்வேயின் குழு கேட்டது. நாட்டின் 11 மருத்துவமனைகளில் 2011 முதல் ஏறத்தாழ 1,600 பெண்களைச் சேர்த்துச் சோதித்தார்கள். 2023-ல் வெளியான கணக்கு: ஊசி போட்டவர்களில் 5 ஆண்டுக்குப் பின் 100-க்கு 90 பேர் உயிரோடு, போடாதவர்களில் 86 பேர். நூற்றுக்கு நான்கு தாய்மார்கள்! மருந்தின் விலையோ சில்லறைக் காசு.

வாய்ப் புற்றுநோய் நம் தொழிலாளர் குடியிருப்புகளைப் பிடித்து ஆட்டும் நோய். புகையிலையும் பீடியும் கொண்டுவந்த வினை. குணப்படுத்த முடியாத நிலைக்கு வந்துவிட்ட 422 பேரிடம் அதே மருத்துவமனை வேறொரு சோதனை நடத்தியது. மெத்தோட்ரெக்சேட் என்ற பழைய மாத்திரையோடு மூட்டுவலிக்குத் தின்னும் செலிகாக்சிப் மாத்திரையும் சேர்த்து ஒரு பாதிக்கு. வழக்கமான சிஸ்பிளாட்டின் ஊசி மறுபாதிக்கு. ஊசிக்காரர்கள் சராசரியாக 6.1 மாதம் வாழ்ந்தார்கள், மாத்திரைக்காரர்கள் 7.5 மாதம். ஆறு வாரம்தானே என்று அலட்சியமாகச் சொல்லலாம். கூலியை இழந்து மருத்துவமனையில் காத்துக் கிடக்காமல், வீட்டிலேயே மாத்திரை விழுங்கிப் பிள்ளைகளோடு கழித்த ஆறு வாரம் என்பதை மறந்துவிட்டுச் சொல்லலாம்.

வேலூரிலும் பம்பாயிலும் முடிந்தது மதுரையில் ஏன் முடியாது? 2019-ல் வந்த புதிய மருந்து விதிகள், ஏற்கனவே அனுமதி பெற்ற மருந்தைப் புதிய நோய்க்கு ஆராய்ச்சிக்காகச் சோதிக்க மருத்துவமனையின் நெறிமுறைக் குழு இசைந்தால் போதும் என்கின்றன. தேறிய மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டம்தோறும் அனுப்ப, 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. நாகமலையடியில் கணிப்பொறி மையம். பத்து மைலுக்குள் பாலரெங்காபுரத்தில் அரசு புற்றுநோய் மருத்துவமனை. பட்டியல் போடத் தெரிந்தவர்களும் நோயாளியைப் பார்க்கிறவர்களும் ஒரே மேசையில் உட்கார ஓர் ஆணை போதும்.

அதுவரை நம் தோழர்கள் வீடு வீடாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு: நடந்துகொண்டிருக்கிற சிகிச்சையை எவர் பேச்சைக் கேட்டும் நிறுத்தவேண்டாம். புது மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டால், அந்தச் சீட்டைக் கொண்டுபோய் பாலரெங்காபுரத்து டாக்டரிடமே காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

அரசிடம் நாம் கேட்பதும் ஆகாயத்து நிலா அன்று. லிடோகெயின் சோதனையில் செலவு ஊசியில் இல்லை. ஆயிரத்து அறுநூறு பெண்களும் இருக்கிறார்களா, நோய் திரும்பியதா என்று ஆண்டுக்கணக்கில் முகவரி தேடிக் கேட்டுப் பதிவேட்டில் எழுதி வைத்தார்களே, அதில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டுக்கு இரண்டு மூன்று ஆட்களைப் பத்தாண்டுக்கு மதுரையில் நியமிக்க என்ன ஆகும் என்று மருத்துவத் துறை கணக்குப் போட்டு, அடுத்த மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கட்டும்.