முறை வைத்து வந்த பேய்கள்

1982 மார்ச். பள்ளிவிட்டு வந்த அமெரிக்கப் பையன்கள் டி.வி.க்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, அட்டாரி 2600 பெட்டிக்குள் ஒரு புதுக் கார்ட்ரிட்ஜைச் செருகினார்கள். ஒன்றரை வருடமாகப் பீட்ஸா கடைகளிலும் ஆர்கேட் கூடங்களிலும் அவர்களுடைய 25 சென்ட் காசுகளைத் தின்றுகொண்டிருந்த பேக்-மேன் ஒருவழியாக வீட்டுக்கு வந்துவிட்டான். இனி காசு வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். சுவிட்சைத் தட்டியதும் திரையில் தோன்றியது பேக்-மேன் மாதிரி இருந்தது. அவ்வளவுதான். மாதிரி.

ஆர்கேட் இயந்திரத்தில் கறுப்புப் பின்னணியில் நீலக் கோடுகள். இங்கே பின்னணியே நீலம், சுவர்கள் மண் நிறம். அங்கே வட்டமான புள்ளிகள், பெரியதும் சிறியதுமாக 244. இங்கே குட்டைக் குட்டையாகக் கோடுகள். கூடவந்த கையேடு அவற்றுக்கு 'வேஃபர்' என்று பெயர் சூட்டி நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தது. செர்ரி, ஸ்ட்ராபெர்ரி எல்லாம் போய் ஒரு சதுரக் கட்டி வந்தது. அது 'வைட்டமின்' என்றார்கள். இடது வலமாக இருந்த சுரங்கப்பாதை மேலும் கீழுமாகத் திரும்பிக்கொண்டது. தின்னும்போது எழும் அந்தக் கொழகொழ சத்தம் தகரத்தைத் தட்டுவது போல ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே பேய்கள். அவை நின்று துரத்தவில்லை. மினுக்கின. இருப்பதும் இல்லாததுமாக, கெட்டுப்போன டியூப்லைட் போல.

ஒரு இயந்திரத்துக்காக எழுதிய ஆட்டத்தை இன்னொன்றுக்கு மாற்றுவதை இந்தத் துறையில் 'போர்ட்' என்பார்கள். பிரதி எடுக்கும் வேலை அல்ல அது. இரு இயந்திரங்களின் சிப்பும் வேறு, அது புரிந்துகொள்ளும் பாஷையும் வேறு. முதல் வரியிலிருந்து புதிதாக எழுதியாக வேண்டும். தொல்காப்பியர் வழிநூலை நான்கு வகையாகப் பிரிக்கிறார்: முதல்நூலைச் சுருக்குவது, விரிப்பது, இரண்டையும் கலந்து செய்வது, மொழிபெயர்ப்பது. அட்டாரியில் நடந்தது முதலாவதும் நான்காவதும் ஒரே நேரத்தில். எதைச் சுருக்குவது என்று தீர்மானித்தவர் டாட் ஃப்ரை என்ற இளம் புரோகிராமர். நாற்பது வருடங்களுக்கு மேலாகத் திட்டும் அவருக்கே விழுந்துகொண்டிருக்கிறது.

அவருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்று பார்த்தால் திட்டுபவர்களின் குரல் கொஞ்சம் தணியலாம். 1977-ல் வெளிவந்த 2600-க்கு நினைவகம் 128 பைட். கிலோபைட் அல்ல, பைட். திருவள்ளுவரின் முதல் குறளை இன்றைய யூனிகோடில் எழுதினால் அது கிட்டத்தட்ட நிரம்பிவிடும். திரையில் தெரியும் படத்தைச் சேமித்து வைக்க அந்தப் பெட்டியில் இடமே கிடையாது. டி.வி.யின் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை இழுத்துக்கொண்டு ஓடும்போதே, அந்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்று புரோகிராம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஒரு வரிக்குக் கிடைப்பது சிப்பின் 76 துடிப்புகள். அதற்குள் சொல்லாவிட்டால் கற்றை அடுத்த வரிக்குப் போய்விடும். சமையலும் பரிமாறலும் ஒரே கையால், பந்தி நகர்ந்துகொண்டே இருக்கும்போது.

இன்னொரு கட்டுப்பாடு அதைவிடக் கறாரானது. இருவர் எதிரெதிராக ஆடும் பந்து ஆட்டத்தையும் டாங்கிச் சண்டையையும் மனத்தில் வைத்தே 2600-ஐ வடிவமைத்திருந்தார்கள். எனவே தானாக நகரும் உருவங்கள் இரண்டு, இரண்டு குண்டுகள், ஒரு பந்து. அதற்கு மேல் வன்பொருளில் இல்லை. பேக்-மேனோ ஐந்து பேர் தனித்தனியாகத் திரியும் ஆட்டம்.

இதே பெட்டியில் ஆர்கேட் ஆட்டமே நிற்காது என்று சொல்லிவிடவும் முடியாது. 1980-ல் ரிக் மாரர் எழுதிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' சக்கைப்போடு போட்டது. அதற்காகவே கன்சோல் வாங்கியவர்கள் ஏராளம். ஆர்கேடில் வரிசைக்கு 11 வீதம் 55 படையெடுப்பாளர்கள். மாரர் வரிசைக்கு ஆறு வீதம் 36 ஆக்கினார். ஆறு என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2600-ன் ஒவ்வொரு உருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மூன்று முறை காட்டச் சொல்லலாம். இரண்டு உருவம், மூன்று மூன்றாக, ஆறு. ராணுவம் போல வரிசையில் நகரும் எதிரிகள் என்பதால் அது பலித்தது. 19 பேர் குறைந்ததை எந்தப் பையனும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆட்டத்தின் உயிர் எண்ணிக்கையில் இல்லை; மெல்ல மெல்ல இறங்கிவரும் அந்த வரிசையிலும், கூடவே வேகம் பிடிக்கும் நான்கு ஸ்வரத்திலும் இருந்தது. அவை இரண்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

பேக்-மேனின் உயிர் எங்கே? ஜப்பானின் நாம்கோ கம்பெனிக்காக 1980-ல் இதை உருவாக்கிய தோரு இவாதானி, பேய்கள் நான்குக்கும் தனித்தனிக் குணம் கொடுத்திருந்தார். சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, ஆள் போகும் திசையில் சில அடி முன்னால் குறிவைத்து வழிமறிக்கும். நீலம், சிவப்பு நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு கிட்டே வரும், பிறகு என்ன நினைத்துக்கொண்டதோ, தன் மூலைக்குத் திரும்பிவிடும். நான்கும் ஒரே புத்தியில் துரத்தினால் வால் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் பின்னால் வந்துகொண்டிருக்கும். ஆட்டம் சப்பென்று போயிருக்கும். வெவ்வேறு புத்தி என்பதால்தான் முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்ட பதற்றம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் நிறத்தைப் பார்த்தே எந்தப் பேய் எந்தச் சந்தில் திரும்பும் என்று சொல்வார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நெட்டுருப் போட்ட பாதைகள் இருந்தன, அவற்றைக் கற்றுத்தரும் புத்தகங்கள் இருந்தன.

ஃப்ரையின் பெட்டியில் ஒரு உருவம் பேக்-மேனுக்குப் போனது. மிச்சமிருந்த ஒன்றை நான்கு பேய்களும் முறை வைத்துக்கொண்டன. டி.வி. விநாடிக்கு 60 முறை படம் காட்டுகிறது. ஒரு தடவை முதல் பேய், அடுத்து இரண்டாவது, இப்படி ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு 15 தரிசனம். மினுக்கலின் ரகசியம் அவ்வளவுதான். நிறங்களும் வெளிறிப் போனதால் எது எந்தப் பேய் என்ற பேச்சே எழவில்லை. புதிர்ப்பாதையும் மாறிவிட்டது, நெட்டுருப் போட்டவர்களின் பாடம் வீண். கடையில் சூரனாக இருந்தவன் வீட்டில் மீண்டும் அரிச்சுவடி படிக்க வேண்டியதாயிற்று. தோற்றம் மாறியதைப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். பல நாள் சில்லறையைக் கொடுத்துச் சேர்த்த தேர்ச்சி செல்லாக்காசானதுதான் வலித்தது.

ஆனால் ஃப்ரை ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம் என்ற ஏற்பாட்டைக் காப்பாற்றினார். ஒருவன் செத்ததும் அடுத்தவன் முறை; முதல் ஆள் விட்ட இடம் அப்படியே காத்திருக்க வேண்டும். அதாவது, ஆடாமல் உட்கார்ந்திருப்பவனின் கணக்கையும் அந்த 128 பைட்டுக்குள்ளேயே சுமந்தாக வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே டி.வி.க்கு அடித்துக்கொள்ளும் வீட்டுக்கு அது அவசியம் என்று அவர் முடிவுசெய்ததைக் குறை சொல்ல முடியாது. திரையழகுக்கு அதனால் இடம் குறைந்திருக்கும். இருந்தாலும், எதைக் காப்பாற்றுவது என்று யோசித்த மனிதரின் வேலை அது. சோம்பேறியின் வேலை அல்ல.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. அதே அட்டாரி 1981-ல் வெளியிட்ட 'ஆஸ்டிராய்ட்ஸ்' கார்ட்ரிட்ஜில் 8 கிலோபைட் இருந்தது. உலகமே காத்திருந்த பேக்-மேனுக்குக் கிடைத்தது 4 கிலோபைட். ஆர்கேட் பலகையிலோ படங்கள் நீங்கலாகப் புரோகிராமுக்கு மட்டும் 16 கிலோபைட். பெரிய சிப் போட்டால் செலவு. எப்படியும் விற்கப்போகிற சரக்குக்கு எதற்கு? இந்தக் கணக்கு தப்பவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1982 ஏப்ரல் 3-ஐ 'தேசிய பேக்-மேன் தினம்' என்று அட்டாரி கொண்டாடியது. கார்ட்ரிட்ஜ் 70 லட்சத்துக்கு மேல் விற்றது. 2600-ல் அதைவிட அதிகமாக விற்ற ஆட்டம் கிடையாது. மிகவும் விற்றதும் மிகவும் வசை வாங்கியதும் ஒன்றேயாக இருப்பது சினிமாக்காரர்களுக்குப் பழகிய விஷயம்.

அதே மாதத்தில் நீதிமன்றத்திலும் ஒரு கூத்து. பிலிப்ஸின் ஒடிசி 2 கன்சோலுக்கு 1981-ல் 'கே.சி. மன்ச்கின்' என்ற ஆட்டம் வந்திருந்தது. அதிலும் வாய் பிளந்த ஒரு ஜீவன், துரத்தும் பிசாசுகள். ஆனால் புள்ளிகள் பன்னிரண்டே. அவையும் நகர்ந்து ஓடும். வேண்டுமானால் ஆடுபவரே பாதையை வடிவமைக்கலாம். உரிமம் வைத்திருந்த அட்டாரி வழக்குப் போட்டது. தின்னும் உருவமும் பேய்களும் மூலத்தை மிகவும் ஒத்திருக்கின்றன என்று கூறி 1982 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விற்பனைக்குத் தடை போட வழிசெய்தது. சட்டப்படி சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். உரிமம் பெற்றது மூலத்தைப் போல இல்லை, உரிமம் பெறாதது மூலத்தைப் போலவே இருக்கிறது என்று இரண்டும் ஒரே மாதத்தில் ஊர்ஜிதமாயின.

1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. விற்காத கார்ட்ரிட்ஜ்களை அட்டாரி அந்த செப்டம்பரில் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தது. 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தபோது 'ஈ.டி.' உள்ளிட்ட ஆட்டங்கள் மண்ணோடு வெளிவந்தன. சரிவுக்கு ஃப்ரையைக் காரணம் காட்டுவது இன்றும் வழக்கம். சந்தையில் அப்போது குப்பை ஆட்டங்கள் மலிந்திருந்தன; ஒரே ஆள் மேல் பழியைப் போடுவது சௌகரியமே தவிர நியாயமல்ல.

அதே 1983-ல், அதே 2600-ல் 'மிஸ் பேக்-மேன்' வந்தது. எழுதியது ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன். ஆர்கேட் மூலத்தையும் உருவாக்கியவர்கள் அவர்கள்தான். அதற்கு முன்பு அட்டாரியிடமே வழக்கில் மாட்டிக்கொண்டு, சமரசமாகி, அட்டாரிக்கே வேலை செய்ய வந்தவர்கள். இம்முறை 8 கிலோபைட். பேய்கள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால் ஒரே உருவத்தை மேலே ஒரு பேய்க்கும் கீழே இன்னொரு பேய்க்கும் காட்டலாம் என்ற தந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். கற்றை கீழே இறங்குவதற்குள் உருவத்தை இடம் மாற்றிவிட வேண்டும். பேய்கள் ஒரே மட்டத்தில் கூடும்போது மட்டும் மினுக்கின. பின்னணி, இசை, நகரும் பழங்கள் எல்லாம் ஏறக்குறைய வந்து சேர்ந்தன. பல வருடம் கழித்து ஆர்வலர் ஒருவர் அதே 4 கிலோபைட்டுக்குள் ஃப்ரையுடையதைவிட மூலத்துக்கு மிக நெருக்கமான பேக்-மேனை எழுதிக் காட்டினார். 'அப்படியென்றால் அன்றே முடிந்திருக்குமே' என்பார்கள். கால் நூற்றாண்டுத் தந்திரங்களும், காலக்கெடு இல்லாத இரவுகளும் ஃப்ரைக்கு இல்லை.

அச்சு அசலான பேக்-மேன் வீட்டுக்கு வர 1990-களாயிற்று. 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட 'மேம்' என்ற மென்பொருள், ஆட்டத்தை மாற்றி எழுதவில்லை. ஆர்கேட் பலகையையே கம்ப்யூட்டருக்குள் நடிக்கவைத்தது. அது முதலில் நடிக்கவைத்தவற்றில் பேக்-மேன் பலகையும் ஒன்று. 256-ஆம் கட்டத்தில் கணக்கு நிரம்பி வலது பாதித் திரை எழுத்துக் குப்பையாகும் பிழைகூட அதில் பத்திரமாக இருக்கிறது. பழைய கார்ட்ரிட்ஜ்களை ஏற்கும் 'அட்டாரி 2600+' 2023-ல் வந்தபோது எதிர்த்திசையில் ஒரு சங்கடம் நேர்ந்தது. பழைய பிக்சர் டியூபில் ஒளி மங்கச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் மினுக்கல் ஓரளவு பூசி மெழுகப்பட்டது. தட்டை டி.வி.யில் அந்த தாட்சண்யம் இல்லை. ஃப்ரையின் பேய்கள் 1982-ஐவிட இப்போது மோசமாகத் தெரிகின்றன.

இந்தியாவில் இந்தச் சண்டைகள் எதுவும் தெரியாமல் பேக்-மேனைக் காதலித்த ஒரு தலைமுறை உண்டு. 1990-களில் நிண்டெண்டோவைப் பார்த்துச் செய்த நகல் கன்சோல்கள், நூற்றுக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக வாக்களித்த மஞ்சள் கார்ட்ரிட்ஜ்களோடு இங்கே விற்றன. பட்டியலில் பேக்-மேன் அநேகமாக இருக்கும். அது 1984-ல் நாம்கோவே நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்காக எழுதிய போர்ட். பேய்களுக்கு உரிய நிறம் திரும்பியிருந்தது. ஆனால் ஆர்கேட் திரை நின்றவாக்கில் உயரமானது, வீட்டு டி.வி. படுத்தவாக்கில் அகலமானது, எனவே பாதையை ஒடுக்கி, மேலே இருந்த ஸ்கோரை வலப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நகலுக்குள் இருந்த அந்த வழிநூலே இவர்களுக்கு முதல்நூல். இப்போது எங்காவது அசல் ஆர்கேட் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினால், ஸ்கோரை ஏன் மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.