எட்டு முகத்தில் எது போலி?

செய்தி உண்மையா என்று சரிபார்க்கும் மலேசிய அரசின் ஐஃபா கருவி வந்துவிட்டது. 2025 ஜனவரி 28ஆம் தேதி தொடங்கிவைத்தபோது, நான்கு மொழியில் கேட்கலாம், தமிழும் உண்டு என்றார்கள். மகிழ்ச்சி. ஆனால் முதல் கட்டத்தில் எழுத்தில் வருவதை மட்டும்தான் சரிபார்க்குமாம். படமும் காணொளியும் இரண்டாம் கட்டமாம். இந்த வரிசைதான் நமக்குப் புரியவில்லை.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடை வைத்திருப்பவரின் கைப்பேசியில் வந்து விழுவது கட்டுரையா? பிரதமர் அன்வாரும் பாடகி சித்தி நூர்ஹலிசாவும் முதலீட்டுக்கு அழைப்பதாக ஜோடித்த காணொளிகள் 2024இலேயே சுற்றின. அவற்றிலாவது ஒரே முகம். ஹாங்காங்கில் அருப் நிறுவன ஊழியர் முதலில் வந்த மின்னஞ்சலைச் சந்தேகப்பட்டவர்தான். பிறகு காணொளிக் கூட்டத்தில் நிதித் தலைவரும் சக ஊழியர்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், சந்தேகம் பறந்தது. அவரைத் தவிர அத்தனை பேரும் போலி. 15 தவணையில் 20 கோடி ஹாங்காங் டாலர் போயிற்று. எழுத்தை நம்பாதவர் முகங்களை நம்பினார். நம்மவர்கள் எழுத்தைக் காக்கக் கிளம்பியிருக்கிறார்கள்.

இன்னொரு வகை இதைவிடக் கள்ளத்தனமானது. கோயில் நிர்வாகக் கூட்டக் காணொளி என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேரில் ஏழு முகம் அசல், ஒன்றை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். முழுக் காணொளிக்கும் ஒரே மதிப்பெண் போடும் கருவியிடம் கொடுத்தால், ஏழு அசலும் சேர்ந்து அந்தப் போலியைக் காப்பாற்றிவிடும். ஒவ்வொரு முகத்தையும் தனியே பிரித்து, தொடர்ந்து பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பல கை மாறி நசுங்கி வந்த காணொளியில் பின்வரிசை முகம் நகக்கண் அளவுகூட இராது. ஜோத்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2023இலேயே இந்திய முகங்களைக் கொண்டு, பலர் இருக்கும் காணொளிகளையும் மங்கலானவற்றையும் சேர்த்து டிஎஃப்-பிளாட்டர் என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் இந்தியர் முகங்களுக்கு அதைவிடப் பக்கத்தில் வேறென்ன வேண்டும்?

நம் அரசுகளின் கைராசி நாம் அறியாததா? 2017இல் ‘செபெனார்ஞா’ தளம்: வதந்தி ஊரைச் சுற்றி வந்தபின் மறுப்பு. 2018இல் பொய்ச்செய்தித் தடைச் சட்டம்: 6 ஆண்டு சிறை, 5 லட்சம் ரிங்கிட் அபராதம் என்று மிரட்டல். முதலில் தண்டனை பெற்றது மோசடிக் கும்பலா? போலீஸ் தாமதமாக வந்தது என்று யூடியூபில் பொருமிய டென்மார்க்காரர்! 2019இல் அதை நாடாளுமன்றம் ரத்து செய்தது; 2021இல் அவசரச் சட்டமாகப் பின்வாசல் வழியே அதன் சாயலில் ஒன்று திரும்பியது. ஆட்சிகள் மாறின, நாற்காலிப் புத்தி மாறவில்லை.

தைப்பூசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துமலையில் எடுக்கும் எந்தக் காணொளியிலும் நூறு முகம் இருக்கும். ஒன்றை மாற்றிக் கலகம் மூட்ட ஒருவன் நினைத்தால் ஐஃபாவிடம் கேட்டு என்ன பயன்? காணொளியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஆள் பிடிப்பீர்களோ, கருவி வாங்குவீர்களோ, அது உங்கள் பாடு. ‘இரண்டாம் கட்டம்’ என்று மட்டும் இனிச் சொல்லாதீர்கள்.